விசிஓ உள்ளேயே இருக்கும் சிந்தசைசர் சிப்: எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

கேள்வியின் சுருக்கம் இது: நேரடியாக பேஸ்பேண்டுக்கு (பூஜ்ஜியத்தைச் சுற்றிய தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு) இறக்கும் ஒரு ரிசீவர் கட்டுகிறீர்கள். 145 மெகாஹெர்ட்ஸில் 12.5 கிலோஹெர்ட்ஸ் சேனல்களும் கேட்க வேண்டும், 2.4 கிகாஹெர்ட்ஸில் அகலமான டேட்டா சிக்னலும் கேட்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே லோக்கல் ஆசிலேட்டர் (வரும் சிக்னலோடு மிக்சரில் கலக்க ரிசீவர் உருவாக்கும் அலை). தனி விசிஓ (வோல்ட்டேஜால் அதிர்வெண் மாறும் ஆசிலேட்டர்) வாங்கிச் சேர்க்காமல், உள்ளேயே விசிஓ உள்ள சிந்தசைசர், அதாவது வேண்டிய அதிர்வெண்ணை உருவாக்கித் தரும் சிப் வேண்டும். பேட்டரியில் ஓடும். ஏடிஎஃப்4351, எம்ஏஎக்ஸ்2871, எல்எம்எக்ஸ்2594 என்று மூன்று பெயர்களைக் குறித்து வைத்திருக்கிறீர்கள். மூன்றுமே நீங்கள் கேட்கும் அதிர்வெண்களைத் தொடுகின்றன. அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது?

அதிர்வெண் வரம்பு முதல் சல்லடை மட்டும்தான். அதில் தேறியவற்றைப் பிரிக்க, உங்கள் ரிசீவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: நான் கேட்க விரும்பும் சிக்னலுக்குப் பக்கத்தில், எத்தனை கிலோஹெர்ட்ஸ் தள்ளி, எவ்வளவு பலமான சிக்னல் இருக்கப் போகிறது? அந்த இடைவெளியில் சிப்பின் ஃபேஸ் நாய்ஸ் (அதன் அலையைச் சுற்றிப் படரும் இரைச்சல்) எவ்வளவு என்பதுதான் தேர்வைத் தீர்மானிக்கிறது. டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் எண், பெரும்பாலும் உங்களுக்குத் தேவையான இடைவெளியில் எடுத்த எண்ணாக இருக்காது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ரிசீவரில் ஃபேஸ் நாய்ஸ் செய்யும் கெடுதல் கண்ணுக்கு நேராகத் தெரியாது. லோக்கல் ஆசிலேட்டர் ஒரே கோடாக இல்லாமல் இருபக்கமும் இரைச்சல் பாவாடையோடு வருகிறது. பக்கத்துச் சேனலில் பலமான நிலையம் ஒன்று பேச ஆரம்பித்தால், மிக்சரில் அந்த நிலையம் அந்தப் பாவாடையோடு கலந்து, இரைச்சலை உங்கள் சேனலுக்குள் கொண்டுவந்து கொட்டும். இதைத்தான் ரெசிப்ரோகல் மிக்சிங் என்கிறோம். பேஸ்பேண்டில் எவ்வளவு நல்ல ஃபில்டர் போட்டாலும் இதை நீக்க முடியாது. இரைச்சல் ஃபில்டருக்கு முன்பே உள்ளே வந்துவிட்டது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பிஎல்எல் என்பது விசிஓவை நிலையான ஒரு ரெஃபரன்ஸ் ஆசிலேட்டரோடு ஃபேஸ் டிடெக்டரில் ஒப்பிட்டுப் பூட்டி வைக்கும் லூப். விசிஓ அதிர்வெண்ணை ஃபேஸ் டிடெக்டர் அதிர்வெண்ணால் வகுத்தால் வருவது பெருக்கல் எண். பிஎல்எல் தரும் தட்டையான இரைச்சல் = சிப்பின் நார்மலைஸ்டு இரைச்சல் எண் + 10 லாக் (ஃபேஸ் டிடெக்டர் அதிர்வெண், ஹெர்ட்ஸில்) + 20 லாக் (பெருக்கல் எண்). ஏடிஎஃப்4351-க்கு அந்த நார்மலைஸ்டு எண் மைனஸ் 220 டிபிசி/ஹெர்ட்ஸ் (ஒரு ஹெர்ட்ஸ் அகலத்தில், மைய அலையைவிட எத்தனை டெசிபெல் கீழே என்ற அளவு). ஃபேஸ் டிடெக்டரை 25 மெகாஹெர்ட்ஸில் ஓட்டி 2400 மெகாஹெர்ட்ஸ் எடுத்தால் பெருக்கல் எண் 96. மைனஸ் 220, அதோடு 74, அதோடு 39.6, மைனஸ் 106 கிடைக்கிறது. இப்போது அதே சிப்பை, "எனக்குச் சின்னப் படிகள் வேண்டும், அதனால் ரெஃபரன்ஸைக் குறைக்கிறேன்" என்று 1 மெகாஹெர்ட்ஸ் ஃபேஸ் டிடெக்டரில் ஓட்டுங்கள். பெருக்கல் எண் 2400 ஆகிறது. விடை மைனஸ் 92. அதே சிப், அதே காசு, ஆனால் 14 டெசிபெல் போய்விட்டது. பழைய முழு எண் பிஎல்எல் பழக்கத்திலிருந்து வருபவர்கள் செய்யும் தவறு இது. இன்றைய சிப்புகள் பின்ன எண் பிஎல்எல்கள்; பெருக்கல் எண் பின்னமாகவும் இருக்கலாம். ரெஃபரன்ஸைக் குறைக்காமலேயே சின்னப் படி கிடைக்கும். ஃபேஸ் டிடெக்டரை முடிந்தவரை வேகமாக ஓட்டுங்கள். அதன் உச்ச வேகம் எவ்வளவு என்பதையும் டேட்டாஷீட்டில் பாருங்கள். ஏடிஎஃப்4351-இல் பின்ன எண் முறையில் 32 மெகாஹெர்ட்ஸ்தான்.

இந்தத் தட்டையான எண்ணோடு இன்னொன்றும் உண்டு. அது ஒளிந்து நிற்கும்: ஒன்றின் கீழ் எஃப் இரைச்சல், ஃப்ளிக்கர் என்பார்கள். ஏடிஎஃப்4351-க்கு அது மைனஸ் 116; 1 கிகாஹெர்ட்ஸ் வெளியீட்டில் 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிக்குச் சொன்ன எண். 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் சுமார் மைனஸ் 108. மேலே வந்த மைனஸ் 106-உடன் சேர்த்தால் 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் சுமார் மைனஸ் 104 ஆகிறது. 1 கிலோஹெர்ட்ஸ் வரை நெருங்கிப் போனால் ஃப்ளிக்கர் மட்டுமே மைனஸ் 98. குறுகிய சேனல்களில் வேலை செய்பவர்கள் தட்டையான எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாந்து போவார்கள்.

சரி, 145 மெகாஹெர்ட்ஸ் சேனலுக்கு வருவோம். உள்ளே விசிஓ 2320-இல் ஓடும், வெளியே 16-ஆல் வகுபடும். ஒவ்வொரு முறை இரண்டால் வகுக்கும்போதும் ஃபேஸ் நாய்ஸ் 6 டெசிபெல் குறையும், ஆகவே 16-க்கு 24 டெசிபெல். மைனஸ் 104 போய் மைனஸ் 128 ஆகிறது. பக்கத்துச் சேனலின் அகலத்தைச் சுமார் 10 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்தால் 40 டெசிபெல் கூட்ட வேண்டும்: மைனஸ் 88. நல்ல பேச்சுக்குச் சிக்னல் இரைச்சலைவிட 10 டெசிபெல் மேலே இருக்க வேண்டும் என்றால், பக்கத்துச் சேனல் உங்கள் சிக்னலைவிட 78 டெசிபெல் பலமாக வந்தாலும் தாங்கும். 1 மெகாஹெர்ட்ஸ் ஃபேஸ் டிடெக்டரில் இதே கணக்கு 66 டெசிபெலில் நின்றுவிடும். ஆக 145-க்கு, ஒழுங்காக ஓட்டினால், ஏடிஎஃப்4351 கூடப் போதும். வகுத்தல் உங்களுக்குச் சாதகமாக வேலை செய்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் இந்தச் சிப்பில் வகுத்தலே கிடையாது. அந்த 24 டெசிபெல் உதவி அங்கே இல்லை. அதனால் சிப்பின் தரத்தை அந்த அதிர்வெண்ணில்தான் எடை போட வேண்டும்.

இதில் ரெஃபரன்ஸை மறந்துவிடாதீர்கள். பெருக்கல் எண் ரெஃபரன்ஸின் இரைச்சலையும் சேர்த்தே பெருக்குகிறது. 25 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர் ஒன்று 1 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் மைனஸ் 140 தருகிறது என்றால், 2400 மெகாஹெர்ட்ஸில் அது மைனஸ் 100 ஆக வந்து நிற்கும். எல்எம்எக்ஸ்2594-இன் நார்மலைஸ்டு எண் மைனஸ் 236. ஏடிஎஃப்4351-ஐவிட 16 டெசிபெல் சுத்தம். ஆனால் இந்த ரெஃபரன்ஸோடு சேர்த்தால் அந்த இடைவெளியில் இரண்டு சிப்புக்கும் உள்ள வித்தியாசம் சில டெசிபெலாகச் சுருங்கிவிடும். சிப்புக்குச் செலவழிக்கும் முன் கையில் உள்ள ரெஃபரன்ஸின் டேட்டாஷீட்டைத் திறந்து பார்ப்பது அரை மணி நேர வேலைதான்.

அடுத்தது உள்ளே இருக்கும் விசிஓ. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். சிலிக்கானுக்குள் சுற்றிய இண்டக்டரின் தரம், வெளியே தனியாக வாங்கும் விசிஓ மாட்யூலின் ரெசனேட்டரை எட்டாது. அதோடு 2200 முதல் 4400 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரே வேரக்டரை (வோல்ட்டேஜால் மதிப்பு மாறும் கபாசிட்டரை) வைத்து இரண்டரை வோல்ட்டில் இழுக்கப் பார்த்தால், ஒரு வோல்ட்டுக்கு 900 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு நகர வேண்டியிருக்கும். அந்த ட்யூனிங் கம்பியில் வரும் ஒவ்வொரு மைக்ரோவோல்ட் இரைச்சலும் அதிர்வெண் ஆட்டமாக மாறிவிடும். அதனால் ஏடிஎஃப்4351-க்குள் மூன்று விசிஓக்களை வைத்து, ஒவ்வொன்றையும் ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் படியும் 16 பட்டைகளாகப் பிரித்திருக்கிறார்கள். மொத்தம் 48 பட்டைகள். ஒவ்வொரு பட்டையிலும் வோல்ட்டுக்கு 40 மெகாஹெர்ட்ஸ் அளவுதான் நகரும். இந்த ஏற்பாட்டின் விலை: ஒவ்வொரு முறை அதிர்வெண் மாற்றும்போதும் சிப் சரியான பட்டையைத் தேட வேண்டும். அந்தத் தேடல் நேரம் லூப் நிலைப்படும் நேரத்துக்கு மேலே கூடுதலாக வரும். ஏடிஎஃப்4350-இல் இது சுமார் 80 மைக்ரோசெகண்ட், 4351-இல் வேகமான கடிகாரத்தோடு 20 மைக்ரோசெகண்ட். சேனலை எப்போதாவது மாற்றும் உங்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. வேகமாகத் தாவும் ரேடியோ கட்டுபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய வரி இதுதான்.

லூப் அகலத்தை, அதாவது எவ்வளவு தூரம் வரை பிஎல்எல் விசிஓவைத் திருத்த வேண்டும் என்பதை, எங்கே வைப்பது? பிஎல்எல் இரைச்சலும் விசிஓ இரைச்சலும் வெட்டிக்கொள்ளும் இடத்துக்குப் பக்கத்தில். ஏடிஎஃப்4351-இன் விசிஓ 2.2 கிகாஹெர்ட்ஸில், 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் மைனஸ் 89, 100 கிலோஹெர்ட்ஸில் மைனஸ் 114. நம் பிஎல்எல் மைனஸ் 106. இரண்டும் 50 கிலோஹெர்ட்ஸ் அருகே சந்திக்கின்றன. அதைவிடக் குறுக்கினால் உள்ளே இருக்கும் விசிஓவின் அழுக்கு வெளியே தெரியும். அகட்டினால் பிஎல்எல் இரைச்சல் தேவையில்லாத தூரம் வரை பரவும். தனி விசிஓ வைத்துப் பழகியவர்கள் சில கிலோஹெர்ட்ஸ் லூப்பை இங்கேயும் அப்படியே கொண்டுவந்து போட்டுவிட்டு, சிப் மோசம் என்று திட்டுவதைப் பார்த்திருக்கிறேன். உள்ளிருக்கும் விசிஓவுக்கு அகலமான லூப் வேண்டும். வேகமான ஃபேஸ் டிடெக்டர் இருந்தால்தான் அந்த அகலம் பலன் தரும்.

இனி ஸ்பர். நிறைய நேரத்தைத் தின்னும் விஷயம் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பின்ன எண் பிஎல்எல்லில் விசிஓ அதிர்வெண், ஃபேஸ் டிடெக்டர் அதிர்வெண்ணின் முழு மடங்குக்கு மிக அருகில் வரும்போது, அந்த வித்தியாசத்தின் தூரத்தில் ஒரு பொய்க்கோடு முளைக்கும். 25 மெகாஹெர்ட்ஸில் ஓட்டி 2400.1 கேட்டால், 96 மடங்கு 2400. வித்தியாசம் 100 கிலோஹெர்ட்ஸ். மையத்தின் இருபுறமும் 100 கிலோஹெர்ட்ஸ் தள்ளி ஸ்பர் நிற்கும். 50 கிலோஹெர்ட்ஸ் லூப் அதைக் கொஞ்சம்தான் தணிக்கும். 2400.01 கேட்டால் 10 கிலோஹெர்ட்ஸ் தள்ளி, லூப்புக்குள்ளேயே, தணிவே இல்லாமல் நிற்கும். முதல் முறை இதைப் பார்த்தபோது லேஅவுட் கோளாறு என்று நினைத்து இரண்டு நாள் கவசத் தகடு ஒட்டிக்கொண்டிருந்தேன். பிறகு அதிர்வெண்ணை 10 கிலோஹெர்ட்ஸ் நகர்த்தினேன்; கோடும் மையத்திலிருந்து கூடவே நகர்ந்தது. அப்போதுதான் விளங்கியது. இதற்கு வழி, அந்தச் சேனலில் மட்டும் ஃபேஸ் டிடெக்டர் அதிர்வெண்ணை மாற்றுவது. ஆனால் எதற்கு மாற்றுகிறோம் என்று பார்த்து மாற்றுங்கள்: 24 மெகாஹெர்ட்ஸ் என்றால் 2400 அதற்கும் முழு மடங்குதான், அதே குழியில் விழுவீர்கள். 26 என்றால் அருகிலிருக்கும் மடங்கு 2392. 8 மெகாஹெர்ட்ஸ் தள்ளிப் போய்விடும், லூப் அதை முழுக்க விழுங்கிவிடும். ஆகவே சிப்பைத் தேர்வு செய்யும்போது, ரெஃபரன்ஸ் பாதையில் பெருக்கியும் வகுப்பியும் எவ்வளவு வளைந்து கொடுக்கின்றன என்று பாருங்கள். நிரலில் இரண்டு ஃபேஸ் டிடெக்டர் அதிர்வெண்களை வைத்துக்கொண்டு, சேனலுக்கு எது தூரமோ அதைத் தேர்ந்தெடுக்கும் நாலு வரி எழுதினால் பெரும்பாலான தொல்லை தீரும்.

படி அளவைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. 12 பிட் மாடுலஸிலேயே (மாடுலஸ் என்பது பின்னத்தின் கீழ் எண்) 25 மெகாஹெர்ட்ஸை 2500-ஆல் பிரித்தால் 10 கிலோஹெர்ட்ஸ் வருகிறது. 16-ஆல் வகுபட்ட பிறகு அது 625 ஹெர்ட்ஸ். ஹெர்ட்ஸ் கணக்கில் சரிசெய்ய வேண்டியவர்களுக்குத்தான் 24 பிட், 32 பிட், 38 பிட் மாடுலஸ் எல்லாம்.

வகுத்தலுக்கு இன்னொரு முகம் உண்டு. வகுப்பியிலிருந்து வருவது ஏறக்குறைய சதுர அலை. அதன் மூன்றாவது ஹார்மோனிக் அடிப்படையைவிட வெறும் 10 டெசிபெல்தான் கீழே. 145-இன் மூன்று மடங்கு 435. உங்கள் ரிசீவர் 145-ஐக் கேட்கும்போது 435-இல் பேசுபவரையும் சேர்த்துக் கேட்கும். இதற்கு எந்தச் சிப்பும் மருந்தாகாது. மிக்சரே சதுர அலையாகத்தான் வெட்டுகிறது என்பதால், லோக்கல் ஆசிலேட்டர் பாதையில் ஃபில்டர் வைத்தாலும் பாதித் தீர்வுதான். ஆண்டெனா பக்கத்தில் பட்டைக்கேற்ற ஃபில்டர் வையுங்கள்.

மின்சப்ளையில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். சப்ளை ஒரு வோல்ட் மாறினால் விசிஓ எவ்வளவு நகரும் என்பதை புஷ்ஷிங் என்பார்கள். 1 மெகாஹெர்ட்ஸ்/வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் ரெகுலேட்டரின் இரைச்சல் ஒரு மைக்ரோவோல்ட்/ரூட் ஹெர்ட்ஸ் இருந்தால், அது மட்டுமே மைனஸ் 103 ஆக வந்து விழும். சிப்பின் விசிஓவோ அங்கே மைனஸ் 114. 11 டெசிபெலை ரெகுலேட்டரே தின்றுவிட்டது. அதுவே 100 நானோவோல்ட் என்றால் மைனஸ் 123, தொந்தரவு இல்லை. எல்டி3042 போன்ற ரெகுலேட்டர் சில நானோவோல்ட்தான் தரும், அதற்குப் பிறகு இந்தக் கவலையே வராது. நீங்கள் பேட்டரியிலிருந்து ஸ்விட்சிங் கன்வெர்ட்டர் வழியாக எடுக்கப் போகிறீர்கள் என்றால், அதற்கும் விசிஓவின் சப்ளைக் காலுக்கும் நடுவே இப்படி ஒன்று கட்டாயம் வேண்டும். சந்தேகம் வந்தால், ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு டேட்டாஷீட் அனுமதிக்கும் வோல்ட்டேஜில் பேட்டரியை நேராகக் கொடுத்து ஸ்பெக்ட்ரத்தைப் பாருங்கள். பாவாடை சுருங்கினால் குற்றவாளி சப்ளைதான்.

அப்புறம் லூப் ஃபில்டரின் கபாசிட்டர்கள். விலை குறைந்த எக்ஸ்7ஆர் செராமிக்கைப் போட்டுவிட்டு போர்டை ஒரு பேனாவால் தட்டிப் பாருங்கள், ஸ்பெக்ட்ரம் நடுங்கும். அந்தப் பீங்கான் அதிர்வை வோல்ட்டேஜாக மாற்றுகிறது. ஒரு மில்லிவோல்ட் வந்தால்கூட 40 கிலோஹெர்ட்ஸ் தள்ளப் பார்க்கும். அகலமான லூப் ஓரளவு காப்பாற்றும். ஆனாலும் அந்த இடத்தில் சி0ஜி அல்லது ஃபிலிம் கபாசிட்டர்தான் போட வேண்டும்.

வெளியீட்டுச் சக்தியையும் ஒரு பார்வை பாருங்கள். ஏடிஎஃப்4351 மைனஸ் 4 முதல் பிளஸ் 5 டிபிஎம் வரை நான்கு படிகளில் தரும். பிளஸ் 7 கேட்கும் டயோடு மிக்சருக்கு நடுவில் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் வேண்டியிருக்கும். அந்த ஆம்ப்ளிஃபயர், மிக்சரின் பக்கத்தில் நடக்கும் மாற்றங்கள் விசிஓவை இழுக்காமல் தடுக்கவும் உதவும்.

இப்போது பெயர்களுக்கு வருவோம். ஏடிஎஃப்4351: 35 முதல் 4400 மெகாஹெர்ட்ஸ். பழையது, ஆனால் எடுத்துக்காட்டு நிரல்களும் ஆயத்த போர்டுகளும் தாராளமாகக் கிடைக்கும். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல சிப் இல்லை. எம்ஏஎக்ஸ்2871: 23.5 முதல் 6000 மெகாஹெர்ட்ஸ். அதே பாணிதான், ஃபேஸ் டிடெக்டரை இன்னும் வேகமாக ஓட்டவிடுகிறது. எல்எம்எக்ஸ்2594: 10 மெகாஹெர்ட்ஸ் முதல் 15 கிகாஹெர்ட்ஸ் வரை, அருமையான சுத்தம், ஆனால் சுமார் 340 மில்லியாம்ப் குடிக்கும். பேட்டரி ரிசீவரில் அதை வைப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் பட்டியலில் சேர்க்காத எல்எம்எக்ஸ்2572-ஐப் பாருங்கள்: 12.5 மெகாஹெர்ட்ஸ் முதல் 6.4 கிகாஹெர்ட்ஸ், சுமார் 75 மில்லியாம்ப், நார்மலைஸ்டு எண் மைனஸ் 232 அருகில், 32 பிட் பின்னம். உங்கள் இரண்டு பட்டைகளுக்கும், பேட்டரிக்கும், 2.4 கிகாஹெர்ட்ஸில் வேண்டிய சுத்தத்துக்கும் சேர்த்துப் பார்த்தால் என் தேர்வு இதுதான். மாதிரி போர்டை ஏடிஎஃப்4351 மாட்யூலில் ஓட்டிப் பார்த்து, நிரலைச் சரிசெய்துகொண்டு, பிறகு இதற்கு மாறலாம். ரெஜிஸ்டர்கள் வேறு என்பதால் அந்தப் பகுதியை மட்டும் தனி ஃபைலில் எழுதி வையுங்கள்.

ஏடிஎஃப்4351-இல் தொடங்கினால் ஒன்றைக் கவனியுங்கள்: ரெஜிஸ்டர் 5-இலிருந்து இறங்கி, 0-ஐக் கடைசியாக எழுத வேண்டும். பட்டை தேடும் வேலை 0-ஐ எழுதும்போதுதான் தொடங்குகிறது. வரிசை மாறினால் சில சேனல்கள் பூட்டும், சில பூட்டாது. முதல் போர்டு உயிர் பெற்றதும், உயர் இம்பீடன்ஸ் ப்ரோபால் ட்யூனிங் வோல்ட்டேஜை அளந்து, கீழ்க்கோடியிலிருந்து மேல்கோடி வரை ஒவ்வொரு சேனலாக நகர்த்திப் பாருங்கள். எந்தச் சேனலிலாவது அந்த வோல்ட்டேஜ் தரையிலோ சப்ளையிலோ ஒட்டிக்கொண்டு நின்றால், லாக் விளக்கு எரிந்தாலும் நம்பாதீர்கள். சாலிடரிங் அயனைக் கையில் எடுக்கும் முன் பட்டை தேடும் கடிகாரத்தின் வகுப்பியைச் சரிபாருங்கள்.